எண் போடாத மீன்

பிப்ரவரி 11

ஆய்வுக்கூட மூத்த ஆய்வாளர் அம்மையார் அவர்களுக்கு,

இந்த ஐஸ் பெட்டியில் நான்கு கெண்டைகள் இருக்கின்றன. இரண்டு வலையில் பிடித்தவை, இரண்டு தாமாகவே மிதந்தவை. தங்கள் அலுவலகத் துண்டறிக்கையில் அச்சடித்திருக்கிறபடி தனித்தனிப் பையில் கட்டி, பைக்கும் ஐஸுக்கும் நடுவே செய்தித்தாள் வைத்திருக்கிறேன். குறை சொல்ல இடம் வைக்கவில்லை.

அடிவயிற்றில் சிவப்புத் திட்டு. செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றுக்குக் கண் பிதுங்கிவிட்டது. இரண்டு குளத்திலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆரம்பித்திருக்கிறது. மருந்துக் கடைக்காரர், அவருக்கு இங்கே எல்லாரும் வைத்திருக்கும் பெயர் டானிக், போன வருடம் கொடுத்த அதே பொடியைத்தான் தீவனத்தில் கலக்கச் சொல்கிறார். அதைக் கலந்ததால்தானே மீன் சதையில் மருந்து தங்கியிருக்கிறது என்று தாங்கள் அறிக்கை எழுதினீர்கள், மொத்த வியாபாரியின் லாரி காலியாகத் திரும்பிப் போனது. இந்த வருடம் அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "மருந்து இல்லேன்னு ஆய்வுக்கூடம் எழுதிக் குடுத்தா எடுக்கறேன். இல்லேன்னா நீங்களே வச்சு அழகு பாருங்க."

மருந்து போட்டால் விற்காது. போடாவிட்டால் சாகும். மூன்று குளங்களில் ஒன்றைப் போன வருடமே விட்டாயிற்று. மீதி இரண்டும் போனால் என் வீட்டுக்காரரும் நானும் வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்.

"போன்ல ரெண்டு வார்த்தை கேட்டுடேன், உங்க அக்காதானே," என்றார் இவர்.

"அவங்க எனக்கு அக்கா இல்ல. அறிக்கை," என்றேன்.

அதனால்தான் கடிதம். என் பெட்டி என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவரிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. சதையில் தங்காத மருந்து ஏதாவது இருந்தால், காலிப் பெட்டிக்குள் எழுதி வைத்துப் பேருந்தில் அனுப்பவும். நடத்துநரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
குளத்துக்காரி


பிப்ரவரி 17

தங்கைக்கு,

நீ என்னைத் தாங்கள் என்று எழுதியதைப் படித்தபோது, உட்காரப் போகிற நேரத்தில் யாரோ நாற்காலியை இழுத்த மாதிரி இருந்தது. எழுதிக்கொள். நான் நீ என்றே எழுதுகிறேன். எனக்கு வேறு பழக்கமில்லை.

முதலில் மீன். சிறுநீரகத்திலிருந்து கிருமியை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தேன். ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியா. குளத்து நீரில் எப்போதும் இருப்பதுதான்; மீன் தளரும் நேரம் பார்த்துப் பாயும். தட்டு முழுக்க அதைப் பரப்பி, மருந்தில் நனைத்த சிறு காகிதப் பொட்டுகளை மேலே வைப்போம். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றி ஒன்றும் முளைக்காத வட்டம் விழும். டானிக்கின் பொடிக்கு வட்டமே விழவில்லை. பொட்டின் விளிம்பு வரை வந்து அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பொடியைத் தின்று தின்று பழகிவிட்டது. இனி அதைப் போட்டாலும் மீன் பிழைக்காது.

அதே தட்டில் வேறு பொட்டுகளும் வைத்தேன். மஞ்சள், பூண்டு, வேம்பு, கொய்யா இலை. சில வருடங்களாக இதுதான் என் வேலை. உன் குளத்துப் பாக்டீரியாவுக்கு எதிராகக் கொய்யா இலைச் சாறு சட்டைப் பொத்தான் அகலத்துக்கு வட்டம் போட்டது. பெரியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வட்டம்தான், நானும் உதவியாளரும் மாறி மாறிப் பார்த்தோம்.

தட்டு வேறு, குளம் வேறு. அதனால் ஒன்று கேட்கிறேன். கோபப்படாதே என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஒரு குளத்துக்கு இலைச்சாறு கலந்த தீவனம் போடு. இன்னொன்றுக்கு வெறும் தீவனம். இரண்டுக்கும் போட்டு இரண்டும் பிழைத்தால், காப்பாற்றியது இலையா, மாறிய வெயிலா என்று நமக்குத் தெரியாது. தெரியாமலே அடுத்த வருடமும் இலையை நம்பி நிற்பாய். அது இன்னும் மோசம்.

கையெழுத்தைப் பற்றி. ஆம், தெரியும். பெட்டி வெறும் எண்ணோடுதான் வந்தது. ஆனால் மூடியில் கொசுவர்த்தி சுட்ட கருப்பு வளையம் இருந்தது. அந்தப் பெட்டியை உனக்கு வாங்கித் தந்தவள் நான்தானே. அந்த மீனைச் சாப்பிடப் போகிற வீடுகளை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். திரும்ப வந்தாலும் போடுவேன். போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன் என்று மட்டும் நினைக்காதே.

அக்கா


பிப்ரவரி 23

அம்மையார் அவர்களுக்கு,

அவ்வளவு படித்து, குளிரூட்டிய அறையில் இத்தனை வருடம் உட்கார்ந்து, கடைசியில் கொய்யா இலை. டானிக்கிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கடைப் பலகை ஆடியது. "கொய்யா இலையா? கூடவே கொஞ்சம் சர்க்கரையும் போடுங்க, மீனுக்கு டீ ஆயிடும்," என்கிறார்.

தங்கள் செய்முறை வருவதற்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு ஒரு சாக்கு இலை பறித்து, பச்சையாகவே அரைத்து, கொஞ்சம் அதிகமாகப் போட்டால் சீக்கிரம் கேட்குமே என்று தாராளமாகத் தீவனத்தில் பிசைந்து போட்டேன். மீன்கள் வந்தன. வாயில் வாங்கின. ஒரு கணம் யோசித்தன. பிறகு ஒன்றுவிடாமல் துப்பின. மீன் துப்பி இதுவரை நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் நீ கஷாயத்தை வாயில் அடக்கி வைத்திருந்து, அம்மா திரும்பியதும் ஜன்னல் வழியாகத் துப்புவாயே, அதே முகம். கரையில் நின்று தனியாகச் சிரித்தேன். அப்புறம்தான் உன்மேல், தங்கள்மேல், நான் கோபமாக இருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது.

இன்னொரு குளத்தைப் பற்றி. நோய் வந்த மீனுக்கு ஒன்றும் செய்யாமல், கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும் என்கிறீர்கள். தங்களுக்கு அது ஒரு தட்டு மாதிரி. எனக்கு விரல் அகலக் குஞ்சாகக் கொண்டுவந்து விட்டவை. இவர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, நானும் அவரோடு பேசவில்லை. தங்கள் பெயரைச் சொல்லித் திட்டும்போது மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமையாக இருக்கிறோம்.

ஆனாலும் சரி என்றுதான் எழுதுகிறேன். வேறு வழி இருந்தால் இந்தப் பெட்டியே வந்திருக்காது. எந்தக் குளத்தை விடுவது என்று மட்டும் தாங்களே சொல்லுங்கள். அந்தப் பழி எனக்கு வேண்டாம்.

குளத்துக்காரி


மார்ச் 1

தங்கைக்கு,

நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் என்னை அறியாமலே ஒரு பக்கம் சாய்வேன். நீ சொன்னாலும் அப்படித்தான். எது தெம்பாக இருக்கிறதோ அதற்கு இலையைக் கொடுக்கத் தோன்றும். நாணயத்தைச் சுண்டிவிடு. பழி அதன் தலையில் இருக்கட்டும்.

இலையை நிழலில் காய வை. வெயிலில் போடாதே. நொறுங்குகிற பதம் வந்ததும் பொடித்து, தண்ணீரில் கொதிக்க வைத்து, பாதியாக வற்றியதும் துணியில் வடிகட்டு. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஆல்கஹாலில் ஊற வைக்கிறோம், அதில் வீரியம் கூடுதல். உனக்கு அது கிடைக்காது, கிடைத்தாலும் மாப்பிள்ளையை நம்பி வீட்டில் வைக்க முடியாது. (சிரிக்க வேண்டாம். எழுதிவிட்டேன், அந்த வரியை அடிக்க மனமில்லை.) சாற்றைத் தீவனத்தில் தெளித்து, மேலே கொஞ்சம் எண்ணெய் புரட்டி, மறுபடி நிழலில் உலர்த்து. எண்ணெய் பூசினால் சாறு தண்ணீரில் கரைந்து போகாது. அளவைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு கைப்பிடியும் வேண்டாம். நீ எப்போதும் ஒரு கைப்பிடி சேர்த்துப் போடுகிறவள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். தின்பதை நிறுத்திவிட்ட மீனை இது காப்பாற்றாது. தின்கிற மீனுக்குத்தான் தெம்பு கொடுக்கும். முதல் வாரம் இலைக் குளத்திலும் சாவு இருக்கும். பயந்து டானிக்கிடம் ஓடாதே.

வாரம் ஒரு பெட்டி அனுப்பு. பையில் எந்தக் குளம் என்று எழுதாமல் எண் மட்டும் போடு. எந்த எண் எந்தக் குளம் என்பது உன்னோடு இருக்கட்டும், எல்லாம் முடிந்தபின் சொல். எனக்குத் தெரியக் கூடாது.

எங்கள் துறைத்தலைவருக்கு உதவியாளர்கள் வைத்த பெயர் மைனஸ் எண்பது. எங்களிடம் அத்தனை டிகிரிக் குளிரில் ஓடும் ஒரு பெட்டி இருக்கிறது, அதைவிட இவர் குளிர்ந்தவர். உன் குளத்தைப் பற்றிச் சொன்னேன். "சொந்தத் தங்கச்சியா? அப்ப ரெண்டு குளத்துக்கும் போட்டுட்டு உங்களுக்கு ஒண்ணுன்னு எழுதுவாங்க, பாருங்க," என்றார். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று மாலை வரை யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அக்கா


மார்ச் 19

தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது. இனிமேல் நீ. கோபம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, தப்பாக நினைக்காதே.

நாணயம் மேற்குக் குளத்தை விடச் சொன்னது. வாசலோரத்தில் இருப்பது அதுதான். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும். ஜன்னலைச் சாத்தி வைத்தேன். இரண்டு நாளில் புழுக்கம் தாங்காமல் திறந்துவிட்டேன்.

நீ சொன்ன மாதிரியே முதல் வாரம் இரண்டிலும் மிதந்தன. அப்புறம் கிழக்கில் குறைந்தது. மேற்கில் குறையவில்லை. தினமும் காலையில் வலைக்கூடையில் அள்ளி, குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுகிறோம். குழிக்கு இடம் தேடித் தேடி இப்போது கொடிக்கம்பி வரை வந்துவிட்டோம். துணி காயப்போடும்போது காலடியில் மண் அமுங்குகிறது.

டானிக் தினமும் வருகிறார். கரையில் குந்தி உட்கார்ந்து, இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி உச்சுக்கொட்டுகிறார். "புது மருந்து வந்திருக்கும்மா. பழசை விட ரெண்டு மடங்கு. அக்கா பேச்சைக் கேட்டு ஏன் இப்படி வீம்பு புடிக்கிறீங்க?" என்கிறார். இவர் அதையே வேறு மாதிரி சொல்கிறார்: "இந்தப் பக்கத்துத் தீவனம் ஒரு வாளி அந்தப் பக்கம் சிந்தினா யாருக்குடி தெரியப் போவுது?"

"மீனுக்குத் தெரியும்," என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.

உன் ஆள், மைனஸ் எண்பது, சொன்னதை நான் மறக்கவில்லை. சமைக்கும்போது ஞாபகம் வருகிறது, கரண்டி தானாகவே வேகமாகப் போகிறது.

இந்தப் பெட்டியில் ஆறு பை. எண் போட்டிருக்கிறேன். எண் என்றால் உனக்கு அவ்வளவு பிரியம்.

குளத்துக்காரி


மார்ச் 24

கண்ணம்மா,

அப்படிக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. இருக்கட்டும்.

எண் போட்டுத்தான் அனுப்பியிருந்தாய். ஆனால் பையைத் திறந்ததுமே எது மேற்கு என்று தெரிந்துவிட்டது. வயிற்றைக் கீறியதும் நீர் கொட்டியது. ஈரல் வெளுத்துக் கிடந்தது. இப்படி எத்தனையோ கீறியிருக்கிறேன், பாதியில் நிறுத்தியதில்லை. இப்போது கத்தியை வைத்துவிட்டு ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். "உக்காருங்க மேடம், தரை தேஞ்சிடும்," என்கிறார் உதவியாளர். உட்கார்கிறேன். மறுபடி எழுந்துவிடுகிறேன்.

துணி காயப்போடும் இடத்தில் மண் அமுங்குகிறது என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரி என்னை விடவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும் என்பதற்காக உன்னை அந்த மண்ணில் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஏற்கெனவே ஒரு முறை சரியானதைச் செய்தேன். அந்தச் சரிக்காக உன் வீட்டு வாசலை இழந்தேன். இரண்டாவது தடவையும் சரியாக இருந்து என்ன சாதிக்கப் போகிறேன்?

மேற்குக்கும் இலைத் தீவனம் போடு. இன்றைக்கே. சோதனை போகட்டும். துறைத்தலைவரிடம் என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நல்ல அறிக்கை குறைந்துபோனால் உலகம் நின்றுவிடாது.

தயவுசெய்து போடு.

அக்கா


மார்ச் 27

அக்கா,

போட மாட்டேன்.

உன் கடிதத்தைக் கரையில் நின்று படித்தேன். முதலில் அழுகை வந்தது, அப்புறம் எரிச்சல். இது யார் எழுதியது? தங்கை பெட்டி என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டாளே ஒருத்தி, அவளை நம்பித்தான் நான் குழி தோண்டிக்கொண்டிருக்கிறேன். அவளை எங்கே அனுப்பினாய்? ஒரு வருடமாக அவளைத் திட்டியிருக்கிறேன், வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் சொன்னது பொய் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அதனால்தான் அவ்வளவு கோபம். பொய் எழுதியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

இங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது, கேள். முதலில் டானிக் மட்டும்தான் வேடிக்கை பார்க்க வந்தார். இப்போது சுற்றுவட்டாரக் குளத்துக்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள். மேற்கே பார்க்கிறார்கள், அப்புறம் நடந்து போய்க் கிழக்கே பார்க்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. நேற்று ஒருவர் கிழக்குத் தீவனத்தை எடுத்து முகர்ந்து பார்த்து, நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்தார். "கசக்குதே. இதையா திங்குது?" என்றார். "முதல்ல துப்புச்சு," என்றேன். அவர் வீட்டுக் கொய்யா மரத்தை இன்று காலை மொட்டையடித்திருக்கிறார் என்று கேள்வி.

இப்போது நான் மேற்கிலும் இலையைப் போட்டால், இவர்கள் இத்தனை நாள் பார்த்தது என்ன? ஏதோ நடந்தது, ஏதோ சரியானது. டானிக் மறுநாளே சொல்வார், வெயில் மாறிச்சு, தானா சரியாச்சு என்று. இத்தனை மீன் செத்ததும் வீண். செத்ததே செத்தது, எதற்காகச் செத்தது என்றாவது இருக்கட்டும்.

தின்பதை நிறுத்திய மீனை இலை காப்பாற்றாது என்று நீதான் எழுதினாய். மேற்கில் பாதி தின்பதையே நிறுத்திவிட்டது. அவற்றுக்காக நீ இதை எழுதவில்லை. எனக்காக எழுதினாய். அது தெரிந்தது. தெரிந்ததை வைத்துக்கொள்கிறேன், திருப்பித் தர மாட்டேன். ஆனால் போடவும் மாட்டேன்.

இவரிடம் இதையெல்லாம் சொன்னேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

நீ உட்கார். தரை தேய்ந்துவிடும்.

உன் தங்கை


மே 6

தங்கைக்கு,

கிழக்குக் குளத்து மீனின் சோதனை முடிந்தது. மருந்து எதுவும் இல்லை. வியாபாரிக்கான தாளை இந்தப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். கையெழுத்து என்னுடையது இல்லை. உன் பெட்டி என்பதால் இம்முறை நான் தொடவே இல்லை. பக்கத்து மேசைக்காரிதான் பார்த்தாள். மூடியைத் திறக்கும்போது மட்டும் எட்டிப் பார்த்தேன்.

நீ அனுப்பிய எண் பட்டியலையும் சாவுக் கணக்கையும் குளங்களோடு பொருத்திப் பார்த்தேன். கிழக்கில் பெரும்பகுதி பிழைத்தது. மேற்கில் பாதிக்கு மேல் போய்விட்டது. துறைத்தலைவரிடம் கொண்டுபோய் வைத்தேன். வெகுநேரம் புரட்டினார். "உங்க தங்கச்சி போடலையா? நெஜமாவே மேற்குல போடலையா?" என்றார். "நானே போடச் சொன்னேன் சார். மாட்டேன்னுட்டா," என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மைனஸ் எழுபதாவது ஆகியிருக்கும்.

இப்போது நீ திட்டப் போகிற இடம். ஒரு குளம் ஒரு குளம்தான். கிழக்கில் நீரோட்டம் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கலாம், நிழல் கூடுதலாக இருந்திருக்கலாம். இலைதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. இன்னும் பல குளங்களில், பல பருவங்களில் பார்க்க வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. பொத்தான் அளவு வட்டத்தை நான் தட்டளவு ஆக்கினால், அடுத்த வருடம் யாரோ ஒருத்தி அதை நம்பிக் குழி தோண்டுவாள்.

நிம்மதியாக இருக்க வேண்டிய நாள். இருப்புக் கொள்ளவில்லை. உன்னைப் பார்க்க வரலாமா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விடுகிறேன்.

அக்கா


மே 13

அக்கா,

திட்டவில்லை. ஒரு குளம் ஒரு குளம்தான் என்று நீ எழுதியதைக் கரையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். "அப்ப இன்னும் எத்தனை குளம் வேணுமாம்?" என்று கேட்டார்கள். "முடிஞ்ச அளவு," என்றேன். உடனே சண்டை. யார் குளத்துக்கு இலை, யார் குளம் சும்மா கிடப்பது என்று. சும்மா கிடக்க யாரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் நாணயத்தை எடுத்தேன். ஒவ்வொருவரும் நாணயத்தை வாங்கி, இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் டானிக் நின்றிருந்தார். இப்போது கடையில் கொய்யா இலைப் பொடி என்று ஒரு பொட்டலம் தொங்குகிறது. அதையும் உன் தட்டில் வைத்துப் பார், கூட அனுப்பியிருக்கிறேன். எனக்கென்னவோ அது புளிய இலை என்று சந்தேகம்.

லாரி வந்தது. நிறைந்து போனது. அதற்கு மேல் எழுதினால் கண் பட்டுவிடும்.

பெட்டியின் அடியில், செய்தித்தாளுக்குள், ஒரு கெண்டை இருக்கிறது. கிழக்குக் குளத்து மீன் இல்லை. மேற்கில் மிஞ்சியது. நீ கேட்டபடி ஒன்றும் போடாமல் விட்டது, மருந்தும் இலையும் தொடாதது. ஏன் பிழைத்தது என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. உடம்பில் புண் இல்லை, துள்ளிக்கொண்டு இருந்தது, நானே பார்த்துப் பிடித்தேன்.

அதன் பையில் எண் போடவில்லை. உன் உதவியாளர் பேனாவை எடுத்துக்கொண்டு வருவார், கையைத் தட்டிவிடு. கீறிப் பார்க்காதே. ஈரல் என்ன நிறம் என்று பார்க்காதே. வீட்டுக்கு எடுத்துப் போ. நன்றாகக் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, எண்ணெயில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடு. நின்றுகொண்டு சாப்பிடாதே.

ஒரு வருடமாக என் குளத்து மீனை நீ வாயில் வைக்கவில்லை என்று இவர் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்வது எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தீர்களாக்கும்.

வரலாமா என்று கேட்காமல் விட்டிருக்கிறாய். கேட்டால்தான் பதில் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், உப்பு சரியாக இருந்ததா என்று கேட்க நான் போன் செய்வேன். அப்போது கேள்.

உன் தங்கை